‘துவேர்மெ’யும் ‘துவேர்ம’வும்: ஒரு ஸ்பானிஷ் வினைச்சொல்லின் நிகழ்வு ஆய்வு

மாட்ரிட் நகரில் வசிக்கும் தமிழ்த் தாய் ஒருவர், தன் ஒன்றரை வயது மகனைச் செப்டம்பரில் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்தார். அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நாட்குறிப்பு நோட்டு உண்டு. காலையில் வீட்டார் எழுதுவார்கள், மாலையில் காப்பகத்து ஆசிரியை எழுதுவார். என்ன சாப்பிட்டான், எவ்வளவு நேரம் தூங்கினான் எல்லாம் அதில் இருக்கும். அக்டோபரில் ஒரு காலை, அந்த நோட்டில் அவர் எழுதிய வரி இது:

“எல் பெதியாத்ர தீஸெ கெ துவேர்மெ தொஸ் ஓரஸ் தெஸ்புவேஸ் தெ கொமேர்.”

மாலையில் அதன் கீழே ஆசிரியையின் பதில் இருந்தது:

“புவேஸ் அகீ நொ துவேர்மெ.”

‘இங்கே தூங்குவதில்லையே’ என்று பொருள். வேறு ஒரு சொல் இல்லை.

ஒரு வாரம் இப்படியே போனது. பையன் கண் சிவந்து வீட்டுக்கு வருவான், மாலை ஆறு மணிக்குச் சுருண்டு படுப்பான், நள்ளிரவில் எழுந்து விளையாடுவான். அவர் என்னிடம் ஸ்பானிஷ் படிக்கிறவர். அந்த வாரக் கடைசியில் போன் செய்தார்.

“அக்கா, டாக்டர் சொன்னதையே மதிக்க மாட்டேங்கறாங்க. எழுதிக் குடுத்தும் தூங்க வைக்கலை.”

“என்ன எழுதினீங்க? அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க.”

போட்டோ வந்தது. காப்பகத்தின் மீது எந்தப் பிழையும் இல்லை. ‘பிள்ளை சாப்பிட்டதும் ரெண்டு மணி நேரம் தூங்கணும்னு டாக்டர் சொல்றார்’ என்பது அவர் மனத்தில் இருந்தது. நோட்டில் இருந்ததோ ‘தூங்குறான்னு டாக்டர் சொல்றார்’. ஆசிரியைக்கு ஒரு தகவல் கிடைத்தது, அவரும் ஒரு தகவலையே திருப்பிச் சொன்னார். செய்யச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவே இல்லை.

வேண்டியிருந்தது ஒரு உயிரெழுத்து மாற்றம்தான். ‘துவேர்மெ’ என்பதைத் ‘துவேர்ம’ என்று எழுதியிருந்தால் அன்றைக்கே பையன் தூங்கியிருப்பான்.

மேலே போவதற்கு முன் எழுத்து முறை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையில் ஸ்பானிஷ் சொற்களில் எங்கே குரலின் அழுத்தம் விழுகிறதோ அங்கே நெடில் போட்டிருக்கிறேன், மற்ற இடங்களில் குறில். ஸ்பானிஷில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது, அழுத்தம் மட்டுமே உண்டு. தகரத்தைப் ‘பந்து’ என்பதில் வரும் தகரம் போல ஒலித்தால் தூங்குதல் என்ற வினை சரியாக வரும்: தொர்மீர். நெடில் எங்கே இருக்கிறது என்பதைக் கவனித்துக்கொண்டே வாசியுங்கள். இந்த ஆய்வு முழுக்க அதைப் பற்றியதுதான்.

தூங்குறான், தூங்கணும், தூங்கட்டும்

நடப்பதை நடக்கிறது என்று சொல்ல ஒரு வினை வடிவமும், நடக்க வேண்டும், நடந்தால் நல்லது, நடக்குமோ என்று சந்தேகம், நடக்கக் கூடாது என்பவற்றுக்கு இன்னொரு வடிவமும் ஸ்பானிஷில் உண்டு. இரண்டாவதற்கு சுப்ஹுன்தீவொ என்று பெயர், ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் சப்ஜங்க்டிவ் என்பார்கள். அதை ஆக்கும் வழி எளிது. ‘ஆர்’ என்று முடியும் வினைகளில் அகரம் எகரமாகும்: ஆப்ல (பேசுகிறான்), ஆப்லெ (பேசட்டும்). ‘ஏர்’, ‘ஈர்’ என்று முடிபவற்றில் எகரம் அகரமாகும்: கோமெ (சாப்பிடுகிறான்), கோம (சாப்பிடட்டும்). இரு கூட்டமும் ஒன்றின் உயிரை மற்றொன்று வாங்கிக்கொள்வது போல.

தமிழில் இதற்கு மிக நெருங்கிய உறவு ‘-அட்டும்’. ‘கெ துவேர்ம’ என்றால் ‘தூங்கட்டும்’. இரவில் குழந்தையைப் படுக்க வைக்கும்போது ஸ்பெயினில் சொல்லும் வாழ்த்து, ‘கெ ஸுவேஞெஸ் கொன் லொஸ் அன்ஹெலீதொஸ்’. குட்டித் தேவதைகள் உன் கனவில் வரட்டும் என்று அதன் கருத்தைச் சொல்லலாம். அதில் உள்ள ‘ஸுவேஞெஸ்’ ஸொஞார் (கனவு காணுதல்) என்ற வினையின் சப்ஜங்க்டிவ். ஒகரம் உடைந்து ‘உவே’ ஆகியிருப்பதைப் பாருங்கள். ‘ஒஹலா’ என்ற சொல்லையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. அல்லாஹ் நாடினால் என்று பொருள்படும் அரபுத் தொடர் ஸ்பெயினின் மண்ணில் பல நூற்றாண்டு பேசப்பட்டு இப்படி ஒரே சொல்லாகத் தேய்ந்தது. நம் ஊரில் ‘இன்ஷா அல்லாஹ்’ என்று சொல்பவர்களுக்கு அந்தச் சொல்லின் மணம் உடனே தெரியும். அதற்குப் பின்னால் எப்போதும் சப்ஜங்க்டிவ்தான் வரும்: ஒஹலா துவேர்ம, தூங்கினால் நன்றாக இருக்கும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ‘சொல்லுதல்’ என்ற வினை இரண்டு வடிவங்களோடும் சேரும். ‘தீஸெ கெ துவேர்மெ’ என்பது செய்தி. ‘தீஸெ கெ துவேர்ம’ என்பது கட்டளை அல்லது அறிவுரை. தமிழில் ‘தூங்குறான்னு சொல்றார்’, ‘தூங்கணும்னு சொல்றார்’ என்ற இரண்டுக்கும் நடுவே ‘-ணும்’ என்று கனமாக ஒரு அசை உட்கார்ந்திருக்கிறது, காதில் தவறவே தவறாது. ஸ்பானிஷில் அந்தச் சுமை முழுவதும் கடைசியில், அழுத்தமே இல்லாத ஒரு குட்டி உயிரின் மீது இருக்கிறது. ‘ஸென்தீர்’ என்ற வினையிலும் இதே கதை. ‘ஸியேன்தொ கெ துவேர்மெ மால்’ என்றால் அவன் சரியாகத் தூங்குவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ‘ஸியேன்தொ கெ துவேர்ம மால்’ என்றால் அவன் சரியாகத் தூங்காததற்கு நான் வருந்துகிறேன். முதல் வரியைக் கேட்பவர் காரணம் யோசிப்பார், இரண்டாவது வரியைக் கேட்பவர் ஆறுதல் சொல்வார்.

அன்றைக்கு நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது முதலுதவி மட்டும். “இப்போதைக்கு ‘தியேனெ கெ தொர்மீர்’னு எழுதிடுங்க. தூங்க வேண்டியிருக்குன்னு அர்த்தம். வினையை மாத்தவே வேண்டாம்.” மறுநாள் அப்படியே எழுதினார், பையனைத் தூங்க வைத்தார்கள். இந்த மாற்று வழியைச் சோம்பேறித்தனம் என்று கடிந்துகொள்ளும் ஆசிரியர்கள் உண்டு. கண் சிவந்த குழந்தை ஒன்று நடுவில் இருக்கும்போது இலக்கணம் காத்திருக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் அந்த ஊன்றுகோலைப் பிடித்தவர்கள் பல மாதம் அதை விடுவதில்லை என்பதும் உண்மை. இவரும் விடவில்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அவருடைய நோட்டில் ஒரு சப்ஜங்க்டிவ் கூட இல்லை.

லிஃப்டில் ஒட்டிய தாள்

ஜனவரியில் அடுத்த நிகழ்வு. மேல் மாடியில் குடியிருந்தவர்கள் இரவு பதினொன்றுக்கு மேல் மேசை நாற்காலிகளை இழுத்து நகர்த்துவார்கள். ஸ்பெயினின் அடுக்குமாடிகளில் இதற்கெல்லாம் லிஃப்டில் ஒரு தாள் ஒட்டுவது வழக்கம். இவரும் ஒட்டினார். இந்த முறை என்னைக் கேட்காமல், தானே சப்ஜங்க்டிவ் போட்டு எழுதினார்:

“பொர் ஃபவோர், நொ முவேவன் லொஸ் முவேப்லெஸ் தெ நோச்செ, பார கெ துவெர்மாமொஸ் தோதொஸ்.”

தயவுசெய்து இரவில் சாமான்களை நகர்த்தாதீர்கள், எல்லோரும் தூங்க வேண்டும் என்பது செய்தி. இரண்டு நாள் கழித்து அந்தத் தாளைக் கட்டடத்தின் வாயிற்காவலர் கழற்றிக்கொண்டு வந்து அவரிடம் கொடுத்தார். யாரோ நீல மையில் ஒரே ஒரு எழுத்தின் மேல் கோடு போட்டிருந்தார்கள். கடைசிக்கு முந்தைய சொல்லில், ‘உவெ’ என்பதில் உள்ள எகரத்தின் மேல். ஸ்பானிஷ் எழுத்தில் அந்த ஒரு எழுத்தை எடுத்துவிட்டால் ‘துவெர்மாமொஸ்’ என்பது ‘துர்மாமொஸ்’ ஆகிவிடும். அடித்தவர் வேறெதையும் தொடவில்லை, கிறுக்கவில்லை. திருத்தத்தில் கேலி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. காது ஒப்புக்கொள்ளாததைக் கை சரிசெய்திருக்கிறது, அவ்வளவுதான்.

அவர் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுக் கேட்டார்: “அக்கா, துவேர்மொ, துவேர்மஸ், துவேர்ம எல்லாத்துலயும் ‘உவே’ இருக்கே. இதுல மட்டும் ஏன் கூடாது? நான் ரூல் படிதானே போட்டேன்?”

ரூல் படிதான் போட்டிருந்தார். அங்கேதான் இந்த ஆய்வின் முடிச்சு இருக்கிறது.

பாதி வழி வரும் விதி

பாடப்புத்தகங்களில் சப்ஜங்க்டிவுக்குச் சொல்லித் தரும் விதி இது: ‘நான்’ வடிவத்தை எடு, கடைசி ஒகரத்தை வெட்டு, எதிர் உயிரைச் சேர். ‘தேங்கொ’ (என்னிடம் இருக்கிறது) என்பதிலிருந்து தேங்க, தெங்காமொஸ். ‘ஆகொ’ (செய்கிறேன்) என்பதிலிருந்து ஆக, அகாமொஸ். ‘பீதொ’ (கேட்கிறேன்) என்பதிலிருந்து பீத, பிதாமொஸ். மூன்றும் சரி. இதே விதியை ‘துவேர்மொ’ (தூங்குகிறேன்) மீது ஏற்றினால் துவேர்ம வரும், அது சரி. ‘நாம்’ என்று வரும்போது துவெர்மாமொஸ் வரும், அது தவறு. ‘பியேன்ஸொ’ (நினைக்கிறேன்) மீது ஏற்றினால் ‘பியென்ஸேமொஸ்’ வரும், அதுவும் தவறு. சரியானது பென்ஸேமொஸ்.

அவர் எழுதிய அதே தாளில் ‘முவேவன்’ சரியாக இருந்ததைக் கவனியுங்கள். மொவேர் (நகர்த்துதல்) என்ற வினையும் ஒகரம் உடையும் வினைதான். ஒரே வாக்கியத்தில் ஒன்று சரி, ஒன்று தவறு. அவருக்கு விதி தெரியாமல் இல்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட விதி, எங்கே நிற்க வேண்டும் என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்ளாத விதி.

இதைச் சமாளிக்க ஆசிரியர்கள் ‘பூட்ஸ்’ படம் வரைவார்கள். ஒருமை மூன்றையும் இடது பக்கமும் பன்மை மூன்றையும் வலது பக்கமும் எழுதி, மாறுகிற நான்கையும் கோடு போட்டுச் சுற்றினால் பூட்ஸ் காலணி போல ஒரு உருவம் வரும். ‘நாம்’, ‘நீங்கள்’ இரண்டும் பூட்ஸுக்கு வெளியே. என் மாணவரும் அந்தப் படத்தைப் பார்த்தவர்தான். தேர்வில் கட்டம் நிரப்ப அது உதவும். லிஃப்டில் தாள் ஒட்டும் அவசரத்தில் யாருக்கும் பூட்ஸ் ஞாபகம் வராது. காரணம், அந்தப் படம் விளைவை வரைகிறது. எதனால் என்பதைச் சொல்வதில்லை.

காரணம் அழுத்தம். லத்தீனில் இருந்த குறில் ஒகரம், அழுத்தம் விழுந்த இடத்தில் ஸ்பானிஷில் ‘உவே’ என்று உடைந்தது. குறில் எகரம் ‘இயே’ என்று உடைந்தது. அழுத்தம் விழாத இடத்தில் அப்படியே நின்றது. இது வினைச்சொல்லுக்கு மட்டும் வந்த நோய் கிடையாது, மொழி முழுவதும் பரவிய மாற்றம். கதவு புவேர்த, கதவைக் காப்பவர் பொர்தேரொ. நல்லவன் புவேனொ, நற்குணம் பொந்தாத். பல் தியேன்தெ, பல் மருத்துவர் தென்தீஸ்த. மண் தியேர்ர, மனை தெர்ரேனொ. லிஃப்டிலிருந்து தாளைக் கழற்றிக் கொண்டுவந்தாரே அந்த வாயிற்காவலர், அவருடைய வேலையின் பெயரே பொர்தேரொதான். அழுத்தம் ‘தே’ மீது போய்விட்டதால் உள்ளே இருக்கும் கதவு உடையாமல் ‘பொர்’ என்று நிற்கிறது. தினமும் அவரைப் பெயர் சொல்லி வணங்கும் வாயில் விதி முழுவதும் இருக்கிறது.

ஆகவே துவேர்மொ என்பதில் அழுத்தம் வேரில், வேர் உடைகிறது. தொர்மீமொஸ் (தூங்குகிறோம்) என்பதில் அழுத்தம் விகுதியில், வேர் உடையவில்லை. பூட்ஸுக்கு வெளியே இருக்கும் இரண்டு வடிவங்களும் வேறொன்றும் செய்யவில்லை, அழுத்தத்தை வால் பக்கம் தள்ளிவிட்டன.

தமிழ்க் காதுக்கு இது ஏன் கடினம் என்றால், நமக்கு அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. பல், பால் என்று நீளத்தை வைத்துப் பொருளைப் பிரிப்பவர்கள் நாம். யாப்பிலும் நேர், நிரை என்று நீளத்தைத்தான் அளக்கிறோம். அதனால் ஒரு ஸ்பானிஷ் சொல்லில் எந்த அசை ஓங்கி ஒலிக்கிறது என்பதை நம்மில் பலர் கேட்டும் கேட்காமல் விடுகிறோம். என் மாணவர் லிஃப்ட் தாளை எனக்கு வாசித்துக் காட்டியபோது ‘துவெர்மாமொஸ்’ என்பதில் ஒவ்வொரு அசையையும் ஒரே கனத்தில், நிதானமாக, அழகாகச் சொன்னார். பிழை எங்கே பிறக்கிறது என்று அந்த நொடியில்தான் எனக்கு உறுதியானது. நெடிலை அழுத்தத்தின் அடையாளமாக எழுதும் பழக்கம் எனக்கு வந்ததும் அன்றிலிருந்துதான்.

அப்படியானால் ‘தொர்மாமொஸ்’ ஏன் இல்லை?

இதுதான் அவருடைய அடுத்த கேள்வி. சரியான கேள்வி. அழுத்தம் வேரில் இல்லையென்றால் ஒகரம் அப்படியே நிற்க வேண்டும், பென்ஸேமொஸ் என்பதில் எகரம் நிற்பது போல. பொதாமொஸ் (நம்மால் முடியட்டும்), மொவாமொஸ் (நகர்த்துவோம்) எல்லாம் அப்படித்தான் நிற்கின்றன. துர்மாமொஸ் என்பதில் மட்டும் உகரம் எங்கிருந்து வந்தது?

‘ஈர்’ என்று முடியும் வினைகளுக்கு மட்டும் உரிய இரண்டாவது மாற்றம் இது. லத்தீனில் ‘நாம் தூங்குவோமாக’ என்பது தொர்மியாமுஸ். நடுவில் ‘மியா’ என்று ஒரு யகர ஒலி இருக்கிறது. வாய் அந்த யகரத்தை எதிர்பார்த்து முன்கூட்டியே நாக்கை உயர்த்தியது, ஒகரம் உகரமாக ஏறிவிட்டது. பிறகு யகரம் தேய்ந்து மறைந்தது, ஏறிய உகரம் இறங்கவில்லை. அது விட்டுப்போன தடம்தான் துர்மாமொஸ், துர்மாய்ஸ் (நீங்கள் எல்லோரும் தூங்குங்கள்). யகரம் இன்னும் மறையாத இடங்களில் நேராகவே பார்க்கலாம்: துர்மியேந்தொ (தூங்கிக்கொண்டு), துர்மியோ (தூங்கினான்).

விளக்கத்தைக் கேட்டு அவர் தலையாட்டினார், ஆனால் முகத்தில் ஒளி வரவில்லை. அப்போது தமிழிலிருந்து ஓர் உதாரணம் எடுத்தேன்.

“உடம்பு சரியில்லைன்னு எப்படிச் சொல்வீங்க?”

“ஒடம்பு சரியில்ல.”

“குடை?”

“கொடை… ஆமா, கொட.”

“குடி?”

“குடிதான். ஓ!”

பேச்சுத் தமிழில் அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால், முன்னால் இருக்கும் உகரம் ஒகரமாகவும் இகரம் எகரமாகவும் இறங்கும். இடம் எடமாகும், புகை பொகையாகும். அடுத்த அசையில் இகரம் இருந்தால் இறங்காது, புளி புளியாகவே இருக்கும். கொடு என்பதோ, அடுத்து உகரம் இருப்பதால் குடு என்று மேலே ஏறுகிறது. அந்த முதல் போனில் ‘எழுதிக் குடுத்தும்’ என்று அவரே சொன்னார். பின்னால் வரும் உயிர் முன்னால் உள்ள உயிரைத் தன் உயரத்துக்கு இழுக்கும் வேலையைத் தமிழ் வாய் ஒரு நாளைக்கு நூறு முறை செய்கிறது. ஸ்பானிஷ் வாய் அதை என்றோ ஒரு காலத்தில் செய்து, எழுத்திலும் நிறுத்திக்கொண்டது. இரண்டு மொழிகளுக்கும் உறவு கிடையாது, நாக்குக்கு இருக்கும் இயல்பு ஒன்று.

சப்ஜங்க்டிவில் ஒகரம் ‘உவே’ ஆகவும் உகரமாகவும் இப்படி இரு வழியும் மாறும் வினைகள் ஸ்பானிஷில் இரண்டே குடும்பம்: தொர்மீர், மொரீர். ஒன்று தூங்குதல், மற்றது சாதல். உறக்கத்தையும் சாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நமக்குப் புதிதில்லை. முவேர, முராமொஸ் என்று இரண்டாவதும் முதலாவதின் நிழல் போலவே நடக்கும். எகரத்தில் இத்தகையவை நிறைய உண்டு: ஸென்தீர் (உணர்தல்) ஸியேன்த, ஸின்தாமொஸ் ஆகும். மென்தீர் (பொய் சொல்லுதல்), பிரெஃபெரீர் (அதிகம் விரும்புதல்) போன்றவையும் அப்படியே. பெதீர் (கேட்டல்), ஸெர்வீர் (பரிமாறுதல்) போன்றவற்றில் சப்ஜங்க்டிவின் எல்லா இடத்திலும் இகரம்தான் வரும் என்பதால் தொல்லை இல்லை.

என்ன செய்தோம்

முதல் வாரம் வினைச்சொல்லையே தொடவில்லை. புவேர்த, பொர்தேரொ. தியேன்தெ, தென்தீஸ்த. ஒவ்வொரு சொல்லையும் சொல்லும்போது ஓங்கும் அசையில் மேசையை விரல் முட்டியால் ஒரு தட்டு. வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புவார், தட்டும் சத்தம் கேட்கும். மூன்றாம் நாள் வரை தட்டு எல்லா அசையிலும் விழுந்தது. நான்காம் நாள் பொர்தேரொவில் சரியாகத் ‘தே’ மீது விழுந்தது. அதன் பிறகு துவேர்மொ, தொர்மீமொஸ். அதன் பிறகுதான் துவேர்ம, துர்மாமொஸ்.

நடுவில் ஒரு சறுக்கல், அதற்குக் காரணம் நான். துர்மாமொஸ் நினைவில் நிற்க ‘துர்மியேந்தொவை நினைச்சுக்கங்க, அதுல உகரம் இருந்தா இதுலயும் இருக்கும்’ என்று சொல்லிவிட்டேன். பொதேர் (முடிதல்) என்ற வினையின் அந்த வடிவம் புதியேந்தொ. அவர் நியாயமாகவே யோசித்து அடுத்த வாரம் ‘புதாமொஸ்’ என்று எழுதினார், தொடர்ந்து ‘முவாமொஸ்’ என்றும் எழுதினார். இரண்டும் ஸ்பானிஷில் இல்லை. பொதேர், மொவேர் இரண்டும் ‘ஏர்’ கூட்டம், சப்ஜங்க்டிவில் அவற்றுக்கு யகரத்தின் இழுப்பு கிடையாது. என் குறிப்பு ‘ஈர்’ வினைகளுக்கு மட்டும் பொருந்தும் என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அவர் மீது வந்த முதல் விதி எந்தக் குறையோடு வந்ததோ, அதே குறையோடு நானும் இன்னொரு விதியைக் கையில் கொடுத்திருந்தேன். அந்தப் பாடத்தை இரண்டு முறை திரும்ப நடத்தினேன்.

சரியாக்கிய பின் அவருக்குக் காட்டிய இரண்டு சான்றுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. மெக்சிகோவின் நாட்டுப்புறங்களிலும் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தின் பழைய ஸ்பானிஷ் பேச்சிலும், ‘நாம்’ வடிவத்தின் அழுத்தத்தை வேருக்கே இழுத்துச் சொல்வார்கள்: புவேதமொஸ், துவேர்மமொஸ். பாடத்தில் இவை ஏற்கப்படாத வடிவங்கள். ஆனால் பாருங்கள், அழுத்தம் வேருக்கு வந்தவுடன் ‘உவே’ தானாகத் திரும்பி வந்துவிட்டது. நேர்மாறாக, நிகராகுவா, கோஸ்டாரிகா போன்ற நாடுகளில் ‘நீ’ என்பதற்கு ‘வோஸ்’ என்று சொல்லும்போது அழுத்தம் கடைசிக்குப் போகும். அங்கே ‘நீ தூங்காதே’ என்பதைத் ‘நொ தெ துர்மாஸ்’ என்பார்கள், ஸ்பெயினில் ‘நொ தெ துவேர்மஸ்’. அழுத்தம் நகர்ந்தது, ‘உவே’ மறைந்து உகரம் வந்தது. பூட்ஸ் படம் இந்த இரண்டில் எதையும் விளக்காது.

என் மாணவர் மெக்சிகோ வடிவத்தைப் பல முறை சொல்லிப் பார்த்தார், ஒவ்வொரு முறையும் மேசையில் தட்டினார். “அப்போ நான் லிஃப்டுல எழுதினது, அழுத்தத்தை மட்டும் முன்னாடி வெச்சு வாசிச்சிருந்தா, ஒரு ஊர்ல சரியா இருந்திருக்கும்” என்றார். ஸ்பானிஷ் எழுத்தில் ஒரு சாய்கோடு மட்டும் கூட வேண்டியிருக்கும் என்றேன்.

மார்ச் மாதம் வரை களைப்பாக இருக்கும்போது ‘துவெர்மாமொஸ்’ எட்டிப் பார்த்தது. பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தி, தானே திருத்திக்கொள்வார். அதன் பிறகு நான் கணக்கு வைக்கவில்லை. மாடிக்காரர்களைப் பற்றி எழுதுவதற்கு இப்போதெல்லாம் உள்ளூர்க்காரர்கள் எழுதும் சுருக்கமான வழியையே பயன்படுத்துகிறார்: ‘பார கெ பொதாமொஸ் தொர்மீர்’, நாங்கள் தூங்க முடியும்படி. பொதாமொஸ் என்பதில் ஒகரம் நிற்பதைத் தெரிந்தே எழுதுகிறார்.

ஜூன் மாதம், காப்பகத்தின் ஆண்டு முடியும் நேரம், நோட்டின் ஒரு பக்கத்தை எனக்கு அனுப்பினார். பையனுக்கு முந்தின இரவு காய்ச்சல் இருந்திருக்கிறது. காலையில் எழுதியிருந்தார்:

“கெ துவேர்ம லொ கெ கியேர.”

எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு தூங்கட்டும். ஆறு மாதத்துக்கு முன் தொட அஞ்சிய வேர் மாறும் வினைகள் இரண்டு, ஒரே வரியில், இரண்டும் சப்ஜங்க்டிவில். கீழே ஆசிரியையின் கையெழுத்து:

“ஆ தொர்மீதொ தொஸ் ஓரஸ்.”

இரண்டு மணி நேரம் தூங்கினான்.